கால்ஃபிரெஷ்: விண்ணப்பம் ஒன்று, சட்டப்புத்தகம் இரண்டு

கலிஃபோர்னியாவில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மளிகைச் செலவுக்காக மாதாமாதம் ஓர் அட்டையில் பணம் ஏற்றித் தருகிறார்கள். பலர் இன்னும் ஃபுட் ஸ்டாம்ப் என்றுதான் சொல்கிறார்கள். மத்திய அரசு 2008-ல் அதற்கு ஸ்னாப் என்று பெயர் மாற்றியது. கலிஃபோர்னியா தன் பங்குக்குக் கால்ஃபிரெஷ் என்று வைத்துக்கொண்டது. அட்டையில் ஏறுவது வாஷிங்டன் பணம், விதியின் பெரும்பகுதியும் அங்கிருந்தே வருகிறது. விண்ணப்பத்தை வாங்கி, சம்பளச் சீட்டைப் பார்த்து, கணக்குப் போட்டு, உண்டு இல்லை என்று சொல்வது 58 கவுண்டிகளின், அதாவது நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளின், வேலை. நடுவில் மாநிலம் உட்கார்ந்துகொண்டு, மத்திய விதி விட்டுவைத்த இடைவெளிகளில் தன் விதியைச் செருகுகிறது.

அந்தச் செருகல் எங்கே பாந்தமாகப் பொருந்தியிருக்கிறதோ அங்கே இந்தச் சேவை மளமளவென்று நடக்கும். பொருந்தாத இடத்தில் படிவம் திரும்பி வரும், கடிதம் வரும், ஒரு மாதப் பணம் நின்றுபோகும். விண்ணப்பம் போடும் பெனிஃபிட்ஸ்கால் இணையதளத்தின் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைவிட இந்த மூட்டுகள் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பதுதான் விண்ணப்பிக்கிறவருக்கு உபயோகம். கீழே வரும் உதவித்தொகை, கழிவுத் தொகைகள் 2025 அக்டோபர் முதல் 2026 செப்டம்பர் வரைக்கானவை. ஒவ்வோர் அக்டோபரிலும் மாறும்.

வாசலில் இருக்கும் மூட்டு முதல்தரம். மத்திய விதிப்படி, பிடித்தம் போகாத மொத்த வருமானம் வறுமைக்கோட்டின் 130 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சேமிப்பு 3,000 டாலருக்குள் இருக்க வேண்டும். வீட்டில் 60 வயதானவரோ மாற்றுத்திறனாளியோ இருந்தால் 4,500. கலிஃபோர்னியா வருமான வரம்பை 200 சதவீதமாக உயர்த்தி, சேமிப்பைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. வங்கியில் எவ்வளவு, கார் என்ன விலை என்ற கேள்வி கிடையாது. மூத்தவர் இருக்கும் வீடு 200 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் மத்திய சேமிப்பு வரம்பு திரும்பி வரும்.

மத்திய சட்டத்தை ஒரு மாநிலம் எப்படித் தளர்த்த முடியும்? 1996-ல் நலத்திட்டங்களைத் திருத்தியபோது, ஏழைக் குடும்பங்களுக்கான ரொக்க உதவியை டான்ஃப் என்ற பெயரில் மாநிலங்களுக்கு மொத்தத் தொகையாகக் கொடுத்தார்கள். டான்ஃப் பணத்தில் ஏதாவது உதவி பெறும் குடும்பம் உணவு உதவிக்கும் தகுதியானது என்பது விதி. அந்த உதவி ரொக்கமாக இருக்க வேண்டியதில்லை, ஒரு சேவையாகவும் இருக்கலாம். இந்த இழையைப் பிடித்துக்கொண்டு கலிஃபோர்னியா செய்தது: பப் 275 என்று எண்ணிட்ட குடும்பக் கட்டுப்பாட்டுத் துண்டுப் பிரசுரம் ஒன்றை டான்ஃப் பணத்தில் அச்சடித்தது. விண்ணப்பதாரருக்கு அது கிடைத்தால் டான்ஃப் சேவை பெற்றவராகிவிடுகிறார். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் சட்டப்படி செல்லும். பெரும்பாலான மாநிலங்கள் இதே வழியில் ஏதோ ஒரு பிரசுரத்தையோ தொலைபேசி எண்ணையோ வைத்திருக்கின்றன. மத்திய வேளாண் துறை 2019-ல் இந்தக் கதவை அடைக்க ஒரு விதியை முன்மொழிந்தது. 2021-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இதன் பலனைக் கணக்கில் பார்த்தால்தான் புரியும். ஓர் அம்மா, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1,500 டாலர் சம்பளம், பிடித்தத்துக்கு முந்தைய தொகை. மாதக் கணக்குக்குக் கவுண்டி 2.167-ஆல் பெருக்கும், 3,250 வரும். மூன்று பேர் வீட்டுக்கு 130 சதவீத வரம்பு 2,888, 200 சதவீதம் 4,442. முதலில் சம்பளத்தில் 20 சதவீதக் கழிவு, 650. மிச்சம் 2,600. எல்லோருக்கும் பொதுவான கழிவு 209 போனால் 2,391. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செலவு 600 போனால் 1,791. இதில் பாதி, ஏறத்தாழ 896, வீட்டுச் செலவுக்குப் போவது இயல்பு என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. வாடகை 2,200 என்றால் அதற்கு மேல் போகும் 1,304-ஐக் கழிக்க வேண்டும், ஆனால் உச்சவரம்பு 744. ஆக நிகர வருமானம் 1,047. இதில் 30 சதவீதத்தை அவரே சாப்பாட்டுக்குப் போடுவார் என்பது கணக்கு, 315. மூன்று பேருக்கான அதிகபட்சத் தொகை 785. அதில் 315 போக மாதம் 470 டாலர் அட்டையில் ஏறும்.

இதே குடும்பம் கான்சஸிலோ வையோமிங்கிலோ இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த மாநிலங்கள் டான்ஃப் கதவைத் திறக்கவில்லை. 362 டாலர் கூடுதல் வருமானம் அங்கே 470 டாலரை இழக்க வைக்கும். டெக்சஸில் வரம்பு 165 சதவீதம், இந்த அம்மா உள்ளே வந்துவிடுவார், ஆனால் சேமிப்பு 5,000 டாலரைத் தாண்டக் கூடாது. ஒரே மத்தியத் திட்டம், ஒரே பணம், எல்லைக்கோட்டைத் தாண்டினால் வேறு விடை. வாசல் அகலம் என்பதால் மட்டும் எல்லோருக்கும் பணம் வந்துவிடாது என்பதும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டியது. மூன்று பேரோ அதற்கு மேலோ உள்ள வீட்டில் கழிவுகள் குறைவாக இருந்தால் தகுதி உண்டு, தொகை பூஜ்யம் என்ற விநோதமான கடிதம் வரும். ஒருவர், இருவர் வீட்டுக்குக் குறைந்தபட்சம் 24 டாலர் உறுதி.

மின்கட்டண விஷயத்தில் மாநிலத்தின் சாமர்த்தியம் இன்னும் நுணுக்கமானது. வீட்டுச் செலவில் வாடகையோடு மின்சாரம், எரிவாயுவும் சேரும். ஒவ்வொரு பில்லையும் கூட்டாமல், வெப்பமூட்டும் செலவோ குளிரூட்டும் செலவோ இருக்கிறவர்களுக்கு ஒரு நிலையான தொகையைக் கழிவாகத் தருகிறார்கள், கலிஃபோர்னியாவில் அது 600 டாலருக்கு மேல். ஆற்றல் உதவித் திட்டத்தில் ஆண்டுக்கு 20 டாலருக்கு மேல் பெற்றிருந்தால் பில் காட்டாமலே இந்தக் கழிவு கிடைக்கும் என்று 2014-ல் மத்தியச் சட்டம் சொன்னது. ‘20-க்கு மேல்’ என்றுதானே இருக்கிறது? கலிஃபோர்னியா 20 டாலர் 1 சென்ட் தந்தது. அந்த ஒரு சென்ட்டில் எத்தனையோ வீடுகளின் கழிவு ஏறியது.

அந்த வழி இப்போது குறுகிவிட்டது. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான மத்தியச் சட்டம், முதியவரோ மாற்றுத்திறனாளியோ உள்ள வீடுகளுக்கு மட்டுமே இந்தக் குறுக்குவழி என்று ஆக்கிவிட்டது. மற்றவர்கள் ஹீட்டர் அல்லது ஏசி செலவைத் தாங்களே கட்டுவதைச் சொல்ல வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். ஆகவே விண்ணப்பத்தில் ‘வாடகையில் எல்லாம் அடக்கம்’ என்று அவசரத்தில் டிக் செய்துவிடாதீர்கள். கரண்ட் பில் தனியாகக் கட்டினால் அதைத் தனியாகவே சொல்லுங்கள். மேலே பார்த்த அம்மாவுக்கு இதனால் ஒரு டாலரும் மாறாது, ஏனென்றால் அவருடைய வாடகையே 744-ஐ முட்டிவிட்டது. முதியவர் வீட்டுக்குத்தான் முழு வித்தியாசம் தெரியும், அவர்களுக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. மாதம் 35 டாலருக்கு மேல் போகும் மருத்துவச் செலவையும் அவர்கள் கழிக்கலாம். மருந்துச் சீட்டு, கண்ணாடி, பல் வைத்தியம், டாக்டரிடம் போன கார் மைல் எல்லாம் கணக்கில் வரும். பெரும்பாலோர் விட்டுவிடுகிற வரி இதுதான்.

இனி விண்ணப்பிக்கும் முறை. பெனிஃபிட்ஸ்கால் 2021-ல் வந்தது. அதற்கு முன் கவுண்டிக்குக் கவுண்டி வேறு வேறு தளங்கள் இருந்தன, இப்போது மாநிலம் முழுக்க ஒன்று. கால்ஃபிரெஷ், ரொக்க உதவியான கால்வொர்க்ஸ், மருத்துவ உதவியான மெடி-கால் மூன்றுக்கும் ஒரே விண்ணப்பத்தில் கேட்கலாம். முழுப் படிவமும் நிரப்பி முடிய வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பெயர், முகவரி, கையெழுத்து மூன்றும் இருந்தாலே விண்ணப்பத் தேதி பதிவாகிவிடும். உதவித்தொகை அந்தத் தேதியிலிருந்து விகிதப்படி கணக்காகும். பத்தாம் தேதி போட வேண்டியதை ஆவணம் தேடிக்கொண்டே இருபதாம் தேதி போட்டால் பத்து நாள் பணம் போனதுதான்.

விடை சொல்ல 30 நாள் கெடு. கையில் ஒன்றுமில்லாதவர்களுக்கு மத்திய விதி 7 நாளில் தரச் சொல்கிறது, கலிஃபோர்னியா 3 நாள் என்று தனக்குத்தானே கடுமையாக வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த மாத மொத்த வருமானம் 150 டாலருக்குக் கீழே, கையிருப்பு 100 டாலருக்குள் என்றால் தகுதி. அல்லது வருமானமும் கையிருப்பும் சேர்ந்து அந்த மாத வாடகை, மின்கட்டணத்துக்குப் போதாவிட்டாலும் தகுதி. இந்த இரண்டாவது வழி பலருக்குத் தெரியாது. வேலை போன மாதத்தில் வங்கியில் 1,500 டாலர் இருக்கும், வாடகை 2,200 இருக்கும். அவருக்கும் 3 நாள் விதி பொருந்தும். கையிருப்பைப் பார்ப்பது இந்த அவசர வழிக்காகத்தான். இதில் அடையாளத்தை மட்டும் காட்டினால் போதும், மற்ற ஆவணங்களைப் பிறகு தரலாம்.

நேர்காணல் பெரும்பாலும் தொலைபேசியில் நடக்கும். அழைப்பு தெரியாத எண்ணிலிருந்து வரும். ஸ்பேம் என்று நினைத்து எடுக்காமல் விட்டு, அதனாலேயே விண்ணப்பம் நின்றுபோகிறவர்கள் ஏராளம். அந்த வாரத்துக்குத் தெரியாத எண்ணைத் தடுக்கும் வசதியை அணைத்துவையுங்கள். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் ‘தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்’ என்று கேளுங்கள். இலவசமாக ஏற்பாடு செய்வது கவுண்டியின் கடமை, பத்து வயதுப் பிள்ளையைப் பேச வைக்க வேண்டியதில்லை. சம்பளச் சீட்டு கடந்த 30 நாளுக்கு வேண்டும். பலர் கைக்கு வந்த தொகையை எழுதுகிறார்கள். பிடித்தத்துக்கு முந்தைய தொகைதான் கேட்கப்படுவது. கவுண்டி வேலைவாய்ப்புத் தரவோடு ஒப்பிடும்போது இரண்டும் ஒத்துவராது. உடனே ஒரு கடிதம், பத்து நாள் கெடு.

தகுதி கிடைத்த பின் உயிர்நாடி எஸ்ஏஆர் 7 என்ற அரையாண்டுப் படிவம். முன்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கேட்டார்கள். 2013-ல் மத்திய விதி அனுமதிக்கும் எளிய முறைக்கு மாறி, கால்ஃபிரெஷுக்கும் கால்வொர்க்ஸுக்கும் ஒரே படிவம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்றாக்கினார்கள். மாநிலம் செய்த ஒட்டுவேலைகளில் சாதாரணக் குடும்பத்துக்கு மிகவும் உதவியது இதுதான். ஐந்தாம் மாத வருமானத்தை எழுதி ஆறாம் மாதம் 5-ம் தேதிக்குள் தர வேண்டும். 11-ம் தேதி தாண்டினால் தாமதம் என்று நிறுத்தக் கடிதம் கிளம்பிவிடும். இதில் ஒரு கண்ணி உண்டு. சீக்கிரம் முடித்துவிடலாம் என்று ஐந்தாம் மாதம் 28-ம் தேதியே கையெழுத்துப் போட்டு அனுப்பினால் படிவம் முழுமையற்றது என்று திரும்பி வரும். மாதம் முடியாமல் அந்த மாத வருமானம் எப்படித் தெரியும் என்பது அவர்கள் வாதம். ஆறாம் மாதம் 1-ம் தேதிக்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். முதியவர், மாற்றுத்திறனாளி மட்டுமே உள்ள, சம்பள வருமானமில்லாத வீட்டுக்கு 36 மாதம் வரை மறுவிண்ணப்பம் தேவையில்லை.

பொருந்தாத மூட்டுகளில் முதன்மையானது ‘குடும்பம் என்றால் யார்’ என்ற கேள்வி. கால்ஃபிரெஷுக்கு அளவுகோல் அடுப்பு. சேர்ந்து மளிகை வாங்கி, சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். நம் ஊரில் ரேஷன் கார்டுக்குத் தனி அடுப்பு உண்டா என்று கேட்பார்களே, அதே தர்க்கம். கணவன் மனைவியும், 22 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் பெற்றோரும் தனித்தனியாகச் சமைத்தாலும் ஒரே கணக்குதான். ஒரே வீட்டில் வாடகையைப் பங்கிட்டுத் தனித்தனியாகச் சமைக்கும் நண்பர்கள் தனித்தனிக் குடும்பம். 65 வயதுக்குட்பட்ட பெரும்பாலோருக்கு மெடி-கால் பார்க்கும் அளவுகோல் வருமான வரிப் படிவம். யார் யாரைச் சார்ந்தவராகக் காட்டியிருக்கிறார்கள் என்பதே குடும்பம். 65-க்கு மேல் மெடி-கால் இன்னொரு அளவுகோலுக்குத் தாவிவிடும், அங்கே அவரும் துணையும் மட்டும்.

மகன் வீட்டில் இருக்கும் 70 வயது அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அடுப்பு, எனவே கால்ஃபிரெஷ் கணக்கில் மகன், மருமகள், பேரன் எல்லோரும் வந்துவிடுகிறார்கள். மகனுக்கு நல்ல சம்பளம் என்றால் கதை முடிந்தது. உடல்நிலையால் தனியாகச் சமைத்துக்கொள்ள முடியாத 60 வயதானவரைத் தனிக் குடும்பமாக ஏற்க ஒரு விதிவிலக்கு உண்டு, ஆனால் வீட்டிலுள்ள மற்றவர்களின் வருமானம் 165 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மெடி-காலிலோ மகன் சம்பளம் கணக்கில் வராது, அம்மாவின் சொந்த வருமானமும் சொத்தும்தான் வரும். சொத்து வரம்பை 2024 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். 2026 ஜனவரியில் ஒருவருக்கு 130,000 டாலர் என்று திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரே விண்ணப்பத்தில் ஒரே அம்மாவின் சேமிப்பைக் கால்ஃபிரெஷுக்குப் பொதுவாகக் கேட்பதில்லை, மெடி-காலுக்குக் கேட்கிறார்கள். படிவத்தில் ஒரே கேள்வி இரண்டு தரம் வருகிற மாதிரி இருந்தால் அது படிவத்தின் கோளாறு அல்ல. இரண்டாவது கேள்வி வேறு சட்டத்தின் கேள்வி, அதற்கு முதல் கேள்வியின் விடையையே எழுதினால்தான் தவறு.

குடியேறிகள் விஷயத்தில் மாநிலம் தன் பையிலிருந்தே ஒட்டுப் போட்டிருக்கிறது. மத்திய சட்டப்படி, கிரீன் கார்டு வாங்கிய பெரியவர்கள் பொதுவாக 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் காத்திருப்பு இல்லை. அந்த 5 ஆண்டுக்குள் இருப்பவர்களுக்குக் கலிஃபோர்னியா மாநில நிதியில் சிஎஃப்ஏபி என்ற திட்டத்தை நடத்துகிறது. விண்ணப்பம், அட்டை, தொகை எல்லாம் கால்ஃபிரெஷ் போலவே, பணம் வரும் பை மட்டும் வேறு. முதியவர், மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய ரொக்க உதவியான எஸ்எஸ்ஐ கிடைக்காத குடியேறிகளுக்குக் கேபி என்ற ரொக்கத் திட்டமும் அப்படித்தான். ஸ்பான்சர் செய்து அழைத்து வந்த பெற்றோர் என்றால் ஸ்பான்சரின் வருமானமும் கணக்கில் வரும் என்பதை மறக்க வேண்டாம். எச்-1பி விசாவில் இருப்பவருக்குத் தகுதி இல்லை. ஆனால் இங்கே பிறந்த பிள்ளை குடிமகன், பிள்ளைக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். தனக்குக் கேட்காத பெரியவர் தன் விசா நிலையைச் சொல்ல வேண்டியதில்லை, வருமானத்தைச் சொல்லியாக வேண்டும். பின்னாளில் கிரீன் கார்டுக்கு இது இடைஞ்சலா என்பதே எல்லோரும் கேட்பது. மனுதாரர் அரசு உதவியை நம்பி வாழ்வாரா என்று பார்க்கும் 2022 விதி, உணவு உதவியைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த விதியையே நீக்க 2025 நவம்பரில் மத்திய அரசு முன்மொழிந்திருக்கிறது, எனவே கிரீன் கார்டு மனு நிலுவையில் இருப்பவர்கள் முதலில் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்டுவிடுவது நல்லது.

பழைய ஒட்டு ஒன்றைப் பிரித்துத் தைக்க 45 ஆண்டு ஆன கதையும் உண்டு. 1974-ல் எஸ்எஸ்ஐ தொடங்கியபோது, ஃபுட் ஸ்டாம்ப் வேலை வேண்டாம் என்று கலிஃபோர்னியா அதற்கு ஈடாக மாதம் 10 டாலரை ரொக்கத்தில் சேர்த்துக் கொடுத்துவிட்டது. எஸ்எஸ்ஐ வாங்குகிறவருக்கு உணவு உதவி கிடையாது என்றானது. விலைவாசி எங்கோ போய்விட்டது, விதி அங்கேயே நின்றது. 2018-ல் சட்டம் போட்டு, 2019 ஜூன் 1 முதல் எஸ்எஸ்ஐ வாங்குகிறவர்களும் கால்ஃபிரெஷ் பெறலாம் என்றார்கள். இதில் சிலருக்கு நஷ்டம் வந்தது. அதுவரை பாட்டியின் எஸ்எஸ்ஐ பணம் பேரப்பிள்ளைகளின் கணக்கில் சேராமல் இருந்தது, சேர்ந்ததும் அந்த வீட்டுத் தொகை குறைந்தது. அந்தக் குறைவை ஈடுகட்ட மாநிலம் தனியாக இரண்டு உதவிகளை ஏற்படுத்தியது. ஒரு விதியை நேராக்கும்போது யார் கால் மிதிபடும் என்று முன்கூட்டியே பார்த்துச் செய்த வேலை இது, அரசுத் துறைகளில் அபூர்வம்.

அட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வழக்கு எண்ணின் கடைசி இலக்கம் 1 என்றால் 1-ம் தேதி, 0 என்றால் 10-ம் தேதி பணம் ஏறும். அரிசி, துவரம்பருப்பு, நல்லெண்ணெய், மசாலாப் பொடி, காபித் தூள், உறையவைத்த பரோட்டா எல்லாம் வாங்கலாம். இபிடி எனப்படும் இந்த அட்டையை ஏற்கும் இந்திய மளிகைக் கடைகளும் உண்டு. வெண்டை விதை, தக்காளி நாற்று வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஊதுபத்தி, சோப்பு, வைட்டமின் மாத்திரை, சூடான சமோசா ஆகாது. அதே சமோசா ஆறிப்போய் டப்பாவில் இருந்தால் ஆகும். அட்டையில் வாங்கும் பொருளுக்கு விற்பனை வரி கிடையாது. மார்க்கெட் மேட்ச் பலகை வைத்த உழவர் சந்தையில் அட்டைப் பணத்துக்கு ஈடாக ஒரு வரம்பு வரை கூடுதல் காய்கறி கிடைக்கும்.

ஒரு கவலை, திருட்டு. காந்தப் பட்டை அட்டைகளைக் கள்ளக் கருவி வைத்து நகலெடுத்தார்கள். திருடுபோன உணவுப் பணத்தை மத்திய நிதியில் ஈடுசெய்யும் ஏற்பாடு 2024 டிசம்பர் 20-க்குப் பின் நடந்த திருட்டுகளுக்கு இல்லை. கலிஃபோர்னியா 2025-ல் சிப் வைத்த அட்டைக்கு மாறிவிட்டது. பழைய அட்டை வைத்திருப்பவர்கள் உடனே மாற்றிக்கொள்ளுங்கள், வாங்காத நேரத்தில் செயலி வழியே அட்டையை முடக்கிவையுங்கள். 877-328-9677 என்ற எண்ணிலும் புகார் செய்யலாம்.

அட்டையை விட்டு விதிக்கு வந்தால், சுமுகமாகப் பொருந்திய மூட்டுகளின் பலன் உணவோடு நிற்பதில்லை. கால்ஃபிரெஷ் இருந்தால் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்குமான விக் திட்டத்துக்கு வருமானச் சான்று வேண்டாம். கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளைக்கு 120 டாலர் தானாக வரும். மின் நிறுவனத்தின் கேர் தள்ளுபடிக்கும் தொலைபேசிக் கட்டணச் சலுகைக்கும் இதுவே சான்று. கால்வொர்க்ஸிலிருந்து வேலை கிடைத்து வெளியேறும் குடும்பத்துக்கு 5 மாதம் மறுவிண்ணப்பமின்றி உணவு உதவி தொடரும். கால்வொர்க்ஸ் கால வரம்பை மத்திய அரசின் 60 மாதத்துக்குக் கீழே 48 என்று வைத்திருந்ததையும் 2022 மே முதல் 60 என்று சமன்செய்துவிட்டார்கள்.

வரப்போகும் நாட்கள் அத்தனை இலகுவாக இருக்காது. 2025 சட்டம், மாதம் 80 மணி நேர வேலை நிபந்தனையை 64 வயது வரை நீட்டியிருக்கிறது. கடைக்குட்டிக்கு 14 வயதானால் பெற்றோருக்கும் அது பொருந்தும். நிபந்தனையை நிறைவேற்றாதவருக்கு 36 மாதத்தில் 3 மாதம்தான் உதவி. நிர்வாகச் செலவில் மாநிலங்களின் பங்கு 2026 அக்டோபர் முதல் 50-லிருந்து 75 சதவீதமாகிறது. அதைவிடப் பெரியது 2027 அக்டோபரில் தொடங்குவது. மாநிலத்தின் கணக்குப் பிழை விகிதம் 6 சதவீதத்தை எட்டினால், உதவித்தொகையிலேயே 5 முதல் 15 சதவீதம் மாநிலம் போட வேண்டும். 2024 நிதியாண்டில் தேசிய விகிதம் 10.93 சதவீதம். இந்தப் பிழையை மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். கூடக் கொடுத்தது, குறையக் கொடுத்தது இரண்டும் இதில் சேர்த்தி. வாரச் சம்பளத்தைத் தவறாகப் பெருக்கியது, வாடகை மாறியதைப் பதியாதது, ஓர் ஆளைக் குடும்பத்தில் சேர்க்காதது போன்றவைதான் பெரும்பாலும்.

இதன் விளைவை ஊகிக்கக் கஷ்டமில்லை. இதுவரை விண்ணப்பதாரர் வாய்ச்சொல்லை நம்பிய இடங்களில் இனி ரசீது கேட்பார்கள். வாடகை ஒப்பந்தம், குழந்தைப் பராமரிப்பு ரசீது, ஹீட்டர் கட்டணம் மூன்றையும் கையோடு வைத்திருப்பவருக்குச் சிரமம் குறைவு. மத்தியப் பணத்தை முழுக்க நம்பியிருப்பதன் பலவீனம் 2025 நவம்பரிலேயே தெரிந்தது. நிதி ஒப்புதல் இல்லாமல் மத்திய அரசு முடங்கியதும் நாடு முழுக்க அந்த மாதத் தவணை தடுமாறியது. பிரசுரத்தையும் ஒரு சென்ட்டையும் வைத்து எவ்வளவு சாமர்த்தியமாகத் தைத்தாலும் துணி வாஷிங்டனுடையது.

நம் மதிப்பீட்டில், வாசலுக்கு ஐந்துக்கு நாலரை, அரையாண்டுப் படிவத்துக்கு நாலு, குடும்பக் கணக்குக்கு இரண்டு தரலாம். மறுப்போ குறைவான தொகையோ வந்தால் உடனே சோர்ந்துவிடாமல், கணக்குத் தாளைக் கவுண்டியிடம் கேட்டு வாங்குங்கள். அதில் நான்கு வரிகளைச் சரிபாருங்கள்: எத்தனை பேர், சம்பளத்தை எந்த எண்ணால் பெருக்கினார்கள், வாடகை எவ்வளவு, மின்கட்டணக் கழிவு சேர்ந்திருக்கிறதா. தவறு இருந்தால் கடித நாளிலிருந்து 90 நாளுக்குள் மாநில விசாரணை கேட்கலாம். ஏற்கெனவே உதவி பெற்றுவந்தவர், குறைப்பு அமலுக்கு வரும் நாளுக்கு முன்பே கேட்டால் தீர்ப்பு வரும்வரை பழைய தொகை தொடரும். தோற்றால் அந்தக் கூடுதல் தொகையைத் திருப்பித் தர நேரலாம், அதையும் எண்ணிப் பார்த்தே கேளுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்குக் கால்ஃபிரெஷ் தகவல் எண் 877-847-3663.